புத்தகத்தை எடைக்குப் போடுவதற்கு முன்னால்



இது கொஞ்சம் நீளமான பதிவு. டீ குடித்துக்கொண்டே சாவகாசமாகப் படியுங்கள். பாதியில் எழுந்து போகிறவர்களை வகுப்பிலேயே கண்டுபிடித்தவள் நான், ஞாபகம் இருக்கட்டும்.

முதலில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கணக்கு சார் காலமாகி ஏழு வருஷம் ஆகிறது. அவர் போன மறு வருஷம் வீட்டுக்குத் தளம் மாற்றினோம். "அம்மா, இந்த மர பீரோவை நகர்த்தினாத்தான் வேலை ஓடும்" என்றார் கொத்தனார். பீரோ நிறைய சாருடைய புத்தகங்கள். ஒரு மூலையில் கரையான் தொட்டிருந்தது. எனக்கு அப்போது எதையும் எடுத்துப் பார்க்கிற மனநிலை இல்லை. ஒரு நூலகத்தில் கேட்டுப் பார்த்தோம். வைக்க இடமில்லை என்றார்கள். மகளும் மகனும் வெளியூரில். தெருவில் போன பழைய பேப்பர்க்காரரைக் கூப்பிட்டேன்.

58 கிலோ. கிலோ 11 ரூபாய். 638 ரூபாய் ஆனது. அவர் நல்ல மனுஷன், 2 ரூபாய் சேர்த்து 640-ஆகக் கொடுத்தார்.

அந்தச் சாக்குகளில் என்ன போனது என்று எனக்கு இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. மாஸ்கோவில் தமிழில் அச்சாகி, நியூ செஞ்சுரி புத்தக நிலையம் வழியாக இரண்டு மூன்று ரூபாய்க்குக் கிடைத்த ரஷ்யப் புத்தகங்கள். பெரெல்மான் என்பவர் எழுதிய பௌதிகப் புத்தகம். அதிலிருந்துதான் சார் மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கி வழிகிற வகுப்பில் புதிர் போடுவார். உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அப்புறம் மாத நாவல்கள், ஓரத்தில் பென்சிலால் சார் சண்டை போட்டிருந்த வரலாற்றுப் புத்தகங்கள்.

இரண்டு வருஷம் கழித்து சாரிடம் படித்த ஒரு தம்பி சென்னையிலிருந்து போட்டோ அனுப்பினான். "டீச்சர், சார் கிளாஸ்ல காட்டின அதே புக். ரோட்டோரக் கடையில 400 ரூபாய்க்கு வாங்கினேன். ரொம்ப நாளா தேடிட்டிருந்தேன்" என்றான். எனக்குப் பதில் எழுதக் கை வரவில்லை. அவன் தேடிய புத்தகம் எங்கள் வீட்டில் இருந்தது. நான் 11 ரூபாய்க்குக் கொடுத்தேன். இரண்டுக்கும் நடுவில் போடியில் ஒரு கடை இல்லை. இந்தப் பதிவு முழுக்க அந்தக் கடையைப் பற்றித்தான்.

போன தை மாதம் புனேயில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். "பெரியம்மா, கோயிலெல்லாம் அப்புறம். உங்களுக்குன்னே ஒரு ஊர் இருக்கு, வாங்க" என்று காரில் அழைத்துப் போனான். புனேயிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். வழியில் வாய் என்று ஒரு பழைய ஊர். பெயரைக் கேட்டுச் சிரித்தேன், ஊரைப் பார்த்ததும் வாய் அடைத்துப் போனேன். கிருஷ்ணா நதிக்கரையில் வரிசையாகக் கல் படித்துறைகள், கோயில்கள். தட்சிண காசி என்கிறார்கள். மராத்தி மொழியின் கலைக்களஞ்சியமான விஸ்வகோஷ் இந்தச் சின்ன ஊரிலிருந்துதான் உருவானது. தர்க்கதீர்த்த லட்சுமண சாஸ்திரி ஜோஷி என்ற பெரிய அறிஞர் அதற்குத் தலைமை ஆசிரியராக இருந்தார்.

நமக்கும் ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறதே என்று அங்கே நின்றபோது தோன்றியது. பெ. தூரன் தலைமை ஆசிரியராக இருந்து, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்தது. அந்தப் பத்தும் சேர்ந்தாற்போல இன்று நம் ஊரில் எத்தனை வீட்டில் இருக்கும்? இருந்தவர்கள் வீட்டிலும் பேரன் காலத்தில் அது எங்கே போகும்? கனமான புத்தகம், எடைக்கு நல்ல காசு வரும்.

வாய் ஊரைத் தாண்டினால் பசர்ணி கணவாய். நம் முந்தல் தாண்டிப் போடிமெட்டு ஏறுகிற மாதிரியே இருந்தது. நம் மலை பச்சை, அது காய்ந்த பொன்னிறம், அவ்வளவுதான். மேலே பஞ்சகனி. அதைத் தாண்டி மகாபலேஷ்வர் போகிற வழியில் பிலார் என்ற கிராமம். மராத்தியில் அதற்கு இன்னொரு பெயர், புஸ்தகாஞ்ச காவ். புத்தகங்களின் ஊர்.

2017-ஆம் வருஷம் மே மாதம் 4-ஆம் தேதி மகாராஷ்டிர அரசு இதைத் தொடங்கியது. அந்த ஊரில் ஏற்கெனவே ஸ்ட்ராபெரி விவசாயம் பிரபலம். மலைக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் தங்க வீட்டிலேயே அறை விடுகிறவர்களும் இருந்தார்கள். அப்படிப்பட்ட வீடுகள், விடுதிகள், கோயில், பள்ளிக்கூடம் என்று முதலில் 25 இடங்களைத் தேர்ந்தெடுத்து, சுமார் 15,000 மராத்திப் புத்தகங்களைப் பிரித்து வைத்தார்கள். ஒரு வீட்டில் நாவல், ஒரு வீட்டில் கவிதை, ஒரு வீட்டில் சிவாஜி மகாராஜா காலத்து வரலாறு, ஒரு வீட்டில் குழந்தைகள் புத்தகம். வெளிச் சுவரில் அதற்கேற்ற ஓவியம். யார் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்கார்ந்து படிக்கலாம். காசு கிடையாது.

எனக்கு மராத்தி தெரியாது. ஆனாலும் ஐந்தாறு வீடு ஏறி இறங்கினேன். ஒரு வீட்டில் என் வயது அம்மாள் ஒருவர் முற்றத்தில் உட்கார்ந்து ஸ்ட்ராபெரியைப் பெரியது சிறியது என்று பிரித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். பின்னாலேயே முன்னறையில் புத்தக அலமாரி. பள்ளிக்கூடப் பையன் ஒருவன் தரையில் குப்புறப் படுத்துப் படித்துக்கொண்டிருந்தான். யாரும் அவனை "நேரா உட்காரு" என்று அதட்டவில்லை. நானும் வாயை மூடிக்கொண்டேன்.

உங்கள் ஊரில் என்ன விளைகிறது என்று அந்த அம்மாள் கேட்டார். கைப்பையில் எப்போதும் இருக்கிற ஏலக்காய்ப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினேன். மோந்து பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கு ஒரு பெட்டி பழம் கொடுத்தார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை தெரியாது, வியாபாரம் மட்டும் நன்றாக நடந்தது.

குழந்தைகள் புத்தகம் இருந்த வீட்டில் அழகான படங்களோடு ஒன்றைப் பார்த்தேன். மொழி தெரியாவிட்டாலும் படத்துக்காகப் பேத்திக்கு வாங்கலாம் என்று நினைத்தேன். தங்கை மகன் விசாரித்துவிட்டு வந்தான். "விலைக்குக் கிடையாதாம் பெரியம்மா. இங்கேயே படிச்சிட்டு வெச்சிடணுமாம்." அரசாங்கப் புத்தகம், அவர்கள் எப்படி விற்பார்கள்? நியாயம்தான். ஆனால் புத்தகத்தைத் திருப்பி அலமாரியில் வைத்தபோது எனக்கு ஒரு சின்ன ஏமாற்றம். காரில் திரும்பி வரும்போது அந்த ஏமாற்றம் என்ன என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

பிலார் நல்ல முயற்சி. குறை சொல்ல எனக்கு மனசில்லை. ஒரு மாநில அரசு தன் மொழிப் புத்தகங்களை மலைக் கிராமத்து வீடுகளில் கொண்டுபோய் வைத்ததே பெரிய காரியம். ஆனால் அது நூலகம்தான், ஊர் முழுக்கப் பரப்பி வைத்த நூலகம். பிலாரில் ஒரு வாத்தியார் இறந்துபோனால் அவர் பீரோவில் இருக்கிற 58 கிலோ எங்கே போகும்? அதற்கு அந்த அலமாரிகளில் பதில் இல்லை.

பிலாருக்கு முன்மாதிரி வேல்ஸ் நாட்டில் இருக்கும் ஹே-ஆன்-வை என்ற ஊர். நான் போனதில்லை, படித்ததைத்தான் சொல்கிறேன். வை என்ற ஆற்றின் கரையில், மலையடிவாரத்தில், இங்கிலாந்து எல்லையை ஒட்டி இருக்கிறது. இரண்டாயிரம் பேர்கூட இல்லாத சந்தை ஊர். நடுவில் பழைய கோட்டை ஒன்று. 1962-ஆம் வருஷக் கடைசியில் அந்த ஊருக்கு ரயில் நின்றுபோனது. நமக்கு 2010 கடைசியில் மீட்டர் கேஜ் ரயில் நின்றதே, அதே மாதிரி. மலையடிவாரம், எல்லை, சந்தை, அரண்மனை, நின்றுபோன ரயில் என்று படிக்கும்போது நம் ஊரைப் படிக்கிற மாதிரியே இருந்தது.

ரயில் நின்ற அதே காலத்தில் ரிச்சர்ட் பூத் என்ற இளைஞர் அங்கே பழைய தீயணைப்பு நிலையக் கட்டடத்தில் பழைய புத்தகக் கடை போட்டார். அப்புறம் கோட்டையையே வாங்கினார். மூடிக் கிடந்த சினிமாக் கொட்டகையும் புத்தகக் கடையானது. மூடப்படும் நூலகங்களிலிருந்தும் பெரிய வீடுகளிலிருந்தும் மொத்தமாக வாங்கினார். அமெரிக்காவிலிருந்து கப்பலில்கூட வரவழைத்தார். அவரிடம் வேலை பார்த்தவர்கள் தனியாகக் கடை போட்டார்கள். வெளியூர் வியாபாரிகளும் வந்தார்கள். ஒரு கட்டத்தில் அந்தச் சின்ன ஊரில் நாற்பது கடை வரை இருந்ததாம். 1977 ஏப்ரல் முதல் தேதி அவர் தன் ஊரைத் தனி நாடு என்றும் தன்னை ராஜா என்றும் அறிவித்தார். தேதியைப் பார்த்தாலே விளையாட்டு புரியும், ஆனால் உலகம் முழுக்கப் பத்திரிகையில் பெயர் வந்தது. 1988 முதல் அங்கே பெரிய இலக்கியத் திருவிழா நடக்கிறது. ஸ்காட்லாந்தில் விக்டவுன், பெல்ஜியத்தில் ரெடூ என்று அதைப் பார்த்துப் பல ஊர்கள் கிளம்பின.

கோட்டைக்கு வெளியே, திறந்த வெளியில், ஆள் இல்லாத அலமாரிகள் இருக்கின்றன. வேண்டியதை எடுத்துக்கொண்டு காசை உண்டியலில் போட்டுவிட்டுப் போகவேண்டும். நேர்மைக் கடை என்று பெயர். நம் பள்ளிக்கூடத்தில் பேனா, பென்சில் வைத்து நாம் நடத்தினோமே, அதேதான். கடைசியில் கணக்குப் பார்த்தால் எப்போதும் மூன்று ரூபாய் உதைக்கும். எடுத்தவன் யார் என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம் உண்டு, பெயர் சொல்லமாட்டேன்.

ஹே ஊரையும் ரொம்பத் தூக்கிப் பேச வேண்டாம். இன்டர்நெட் வந்த பிறகு அங்கேயும் கடைகள் குறைந்துவிட்டன. ஆனாலும் அறுபது வருஷம் அந்த ஊர் செய்தது ஒரு எளிய காரியம். ஒரு வீட்டுக்கு வேண்டாத புத்தகம், இன்னொருவருக்கு வேண்டியதாகும் வரை இருக்க ஓர் இடம் கொடுத்தது. அந்த நாள் நாளைக்கே வரலாம், பத்து வருஷமும் ஆகலாம். அதுவரை நனையாமல், அரைபடாமல் இருக்கவேண்டும். அப்படி வைத்திருப்பதற்கு ஒருவருக்குக் கொஞ்சம் லாபமும் வேண்டும், இல்லாவிட்டால் அவர் ஏன் வைத்திருப்பார்?

தமிழ்நாட்டில் இந்த வேலை நடக்காமல் இல்லை. என் இருபது வயதில், ஆசிரியர் பயிற்சி முடித்த புதிதில், அண்ணன் என்னைச் சென்னை மூர் மார்க்கெட்டுக்கு அழைத்துப் போனார். 1900-இல் திறந்த சிவப்புக் கட்டடம். அதில் பழைய புத்தகக் கடைகள் மட்டும் ஒரு உலகம். அங்கே வாங்கிய குழந்தைப் பாட்டுப் புத்தகத்தை வைத்துத்தான் முதல் ஐந்து வருஷம் ஒன்றாம் வகுப்பு எடுத்தேன். 1985 மே மாதம் அது எரிந்துபோனது. செய்தி கேட்டு அண்ணன் அன்று சாப்பிடவில்லை.

கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். அவர் தேடித் தேடிச் சேர்த்த புத்தகங்களையும் பத்திரிகைகளையும், அவர் 1992-இல் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. இன்று அது சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. புதுக்கோட்டையில் கிருஷ்ணமூர்த்தி - டோரதி தம்பதி ஞானாலயா என்று ஒரு லட்சம் புத்தகத்துக்கு மேல் சேர்த்தார்கள். இவர்களைப் பாராட்டும்போது இன்னொருவரையும் நினைக்கவேண்டும். வீட்டிலிருந்து வெளியே போட்ட காகிதத்தை அரைக்க அனுப்பாமல், "இதை யாராவது கேட்பாங்க" என்று தனியாக எடுத்து வைத்த பெயர் தெரியாத பழைய புத்தகக் கடைக்காரர். அவர் இல்லாத ஊரில் சேகரிப்பாளர் என்ன சேகரிப்பார்? உ.வே.சா. ஊர் ஊராக அலைந்தபோது ஆற்றில் விட்ட சுவடிகளைப் பற்றிக் கேட்டு மனம் நொந்தார் என்று பாடம் நடத்தினேன். நடத்திய நானே 58 கிலோவைச் சாக்கில் கட்டிக் கொடுத்தேன்.

நம் ஊருக்கு வருவோம்.

ஒரு பொருளுக்கு விலை எப்படி வருகிறது என்று போடிக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. மலையில் ஏலக்காய் எடுத்து, ஸ்டோரில் உலர்த்தி, கீழே வந்ததும் என்ன நடக்கிறது? கிட்டங்கிகளில் நம் பெண்கள் உட்கார்ந்து தரம் பிரிக்கிறார்கள். சல்லடை போட்டு 7 மில்லிமீட்டர், 8 மில்லிமீட்டர் என்று பிரிக்கிறார்கள். வெடித்தது தனி, நிறம் போனது தனி. ஏலத்தில் வியாபாரி மாதிரியை உள்ளங்கையில் கொட்டி, நிறம் பார்த்து, பருமன் பார்த்து விலை கேட்கிறார். ஏலம் கம்ப்யூட்டருக்கு மாறிய பிறகும் மாதிரியைக் கையில் வாங்கிப் பார்க்காமல் யாரும் கேட்பதில்லை. 2019-இல் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டதையும் பார்த்தோம், அடுத்த மூன்று வருஷத்துக்குள் ஆயிரத்துக்குக் கீழே இறங்கியதையும் பார்த்தோம். வயிறெரிந்தோம். ஆனால் யாராவது நல்ல காயையும் சருகையும் ஒரே சாக்கில் கொட்டி ஒரே விலைக்குப் போட்டோமா?

புத்தகத்தை மட்டும் அப்படித்தான் போடுகிறோம். பத்து வருஷத்துக்கு முந்தைய கைடும் கலைக்களஞ்சியமும் ஒரே தராசில். காரணம் நமக்குப் புத்தகம் பிடிக்காது என்பதல்ல. அதைப் பிரித்துப் பார்த்து, இது இன்னாருக்கு ஆகும், இது இத்தனை பெறும் என்று சொல்ல ஊரில் ஆள் இல்லை, இடம் இல்லை. பழைய பேப்பர்க்காரரைக் குறை சொல்லி என்ன பயன்? அவர் தொழில் எடை.

ஆனால் ஒரு காலத்தில் நம் ஊரிலேயே பழைய புத்தக வியாபாரம் அமோகமாக நடந்தது, கடையே இல்லாமல். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிறதுக்கு முன்னால் என்ன செய்வோம்? மேல் வகுப்பு அக்கா வீட்டுக்குப் போய் அரை விலைக்குப் புத்தகம் வாங்குவோம். அட்டை கிழியாமல் இருந்தால் முக்கால் விலை கேட்பாள். ஒன்பதாம் வகுப்பில் நான் வாங்கிய அறிவியல் புத்தகத்தில் அந்த அக்கா முக்கியமான கேள்விக்கெல்லாம் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தாள். அதற்காகவே நாலணா கூடக் கொடுத்தேன். பழைய பெயரை அடித்து நம் பெயரை எழுதி, பிரவுன் அட்டை போட்டு, அடுத்த வருஷம் நாம் இன்னொருத்திக்குக் கொடுப்போம். ஒரே புத்தகத்தில் நாலு பெயர் இருக்கும். பாடப்புத்தகத்தை அரசு இலவசமாகக் கொடுப்பது நல்லது, அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் புத்தகம் கைமாறும் பழக்கம் அதோடு போய்விட்டது.

வீட்டிலும் தெருவிலும் இதைச் சொன்னால் மூன்று கேள்வி வருகிறது.

முதல் கேள்வி, "எல்லாம்தான் போனில் இருக்கே டீச்சர்?" நிறைய இருக்கிறது, உண்மைதான். 1998 முதல் மதுரைத் திட்டத்தில் அன்பர்கள் எத்தனையோ இலக்கியங்களை உள்ளிட்டு ஏற்றியிருக்கிறார்கள். நானும் அதில் படிக்கிறேன். ஆனால் போன் கையில் இருக்கிற பிள்ளை அதில் என்ன பார்க்கிறது என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். தேடுகிறவனுக்குப் போன் போதும். தேடவே தெரியாத பிள்ளைக்குக் கண்ணில் படுகிற மாதிரி ஏதாவது வேண்டும்.

இரண்டாவது, "நூலகத்துக்குக் கொடுத்துவிடலாமே?" கொடுங்கள், அவர்கள் வாங்கினால். ஆனால் நூலகத்துக்கு விதிகள் உண்டு, இட நெருக்கடி உண்டு. அதைவிட முக்கியம் இன்னொன்று. நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். விடியற்காலம் ஜீப்பில் மலைக்கு ஏறி, இருட்டிய பிறகு இறங்குகிற அம்மாக்களின் பிள்ளைகளுக்கு முப்பது வருஷத்துக்கு மேல் பாடம் நடத்தினேன். பாடப்புத்தகம் தவிர சொந்தமாக ஒரு புத்தகம்கூட இல்லாத வீடுகள் எத்தனையோ. பத்து ரூபாய்க்கு ஒரு கதைப் புத்தகம் வாங்கி முதல் பக்கத்தில் தன் பெயரை எழுதுகிற பிள்ளையின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பத்து ரூபாயும் முக்கியம். இலவசமாகக் கிடைத்ததை நாம் எப்படி வைத்துக்கொள்வோம் என்று உங்களுக்கே தெரியும்.

மூன்றாவது, "போடியில் யார் வாங்குவா?" இதற்கு என்னிடம் பதில் இல்லை. போட்டுப் பார்த்தால்தான் தெரியும். 2023 ஜூனில் தொடங்கிய சென்னை ரயில் வாரத்தில் மூன்று நாள் ஊருக்கு வருகிறது. மூணாறு போகிறவர்கள் கார் காராக நம் ஊரைத் தாண்டித்தான் 17 கொண்டை ஊசி வளைவையும் ஏறுகிறார்கள். டீ குடிக்க நிறுத்துகிறார்கள், ஏலக்காய் வாங்க நிறுத்துகிறார்கள். அவர்களை நம்பிக் கடை போடச் சொல்லவில்லை. முதலில் நம் தெருவில் நாலு பேர் வரட்டும்.

போடியைப் புத்தக ஊர் ஆக்கவேண்டும் என்றெல்லாம் பெரிய பேச்சு எனக்கு இல்லை. அரசுக்கு மனு எழுதவும் போவதில்லை. எங்கள் வீட்டு முன்னறை, தெருவைப் பார்த்த பத்துக்கு எட்டு அறை, இத்தனை நாள் தையல் கடைக்கு வாடகைக்கு இருந்தது. அந்தத் தங்கச்சி மெயின் ரோட்டுக்குப் போய்விட்டாள். இனி வாடகைக்கு விடப்போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். மகள் திட்டினாள். "அம்மா, பென்ஷன்ல வாடகை இல்லாம சமாளிச்சுடுவியா?" என்றாள். ஒரு வருஷம் சமாளித்துப் பார்க்கிறேன் என்றேன். உறவுகள் யாரும் அவளிடம் போன் போட்டு எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றவேண்டாம்.

நான் யோசித்திருக்கிற ஏற்பாடு இதுதான். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை திறந்திருக்கும். புத்தகத்தின் முதல் பக்கத்தில் பென்சிலால் விலை. பெரும்பாலும் 10, 20, 50 ரூபாய், அவ்வளவுதான். அரிய புத்தகம் என்று தெரிந்தால் விஷயம் தெரிந்தவர்களைக் கேட்டு விலை வைப்போம். விற்ற காசில் பாதி கொடுத்தவருக்கு, பாதி அலமாரிக்கும் கரையான் மருந்துக்கும். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இரண்டு பேர் தரம் பிரிக்க வருகிறேன் என்றிருக்கிறார்கள். ஒருவர் தமிழ், ஒருவர் அறிவியல்.

எல்லாப் புத்தகத்தையும் காப்பாற்றவேண்டும் என்று நான் சொல்லவில்லை. பழைய கைடு, காலாவதியான கம்ப்யூட்டர் புத்தகம், பாதி கிழிந்த நாவல் இவையெல்லாம் எடைக்குத்தான் போகவேண்டும். ஏலக்காயிலும் சருகு உண்டு. ஒரு வருஷம் வைத்தும் யாரும் தொடாவிட்டால் கொடுத்தவருக்குச் சொல்லிவிட்டு நானே எடைக்குப் போடுவேன். ஆனால் ஒருவர் கையில் எடுத்துப் பார்த்த பிறகு போகட்டும். பார்க்காமலேயே போகக்கூடாது. நான் செய்தது அதைத்தான்.

இதில் நஷ்டம் வரலாம். மூன்று மாதத்தில் நானும் இரண்டு வாத்தியார்களும் மட்டும் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கலாம். அப்படி ஆனால் அதையும் இங்கே வந்து எழுதுகிறேன், மறைக்கமாட்டேன்.

உங்களிடம் நான் கேட்பது பணம் இல்லை. வீடு மாற்றும்போது, வெள்ளையடிக்கும்போது, வீட்டில் பெரியவர் காலமாகி அவருடைய பீரோவைத் திறக்கும்போது, பேப்பர்க்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் போடுங்கள். துக்க வீட்டில் புத்தகத்தைப் பற்றி யோசிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். யோசிக்க வேண்டாம். "டீச்சர், இருக்கு" என்று ஒரு வார்த்தை போதும். நாங்கள் வந்து பிரித்து எடுத்துக்கொள்கிறோம். வெளியூரில் இருப்பவர்கள் உங்கள் ஊரில் பழைய புத்தகக் கடை இருந்தால் மாதம் ஒரு தடவை போய் ஒரு புத்தகமாவது வாங்குங்கள். அந்தக் கடைக்காரர் இருந்தால்தான் அடுத்தவர் வீட்டுப் பீரோ பிழைக்கும். மரவேலை தெரிந்த தம்பி ஒருவன் அலமாரி செய்து தருகிறேன் என்றான். கூலி வாங்கிக்கொண்டுதான் செய்யவேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

400 ரூபாய் கொடுத்து அந்தப் பௌதிகப் புத்தகத்தை வாங்கிய தம்பி, விஷயம் கேள்விப்பட்டு, "முதல் புத்தகமா இதையே அனுப்பி வைக்கிறேன் டீச்சர்" என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவன் தேடிக் கண்டுபிடித்தது, அவனிடமே இருக்கட்டும். ஆனால் ஒன்று கேட்டேன். முதல் பக்கத்தில் யார் பெயராவது இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். சாருடையதாக இருக்காது, தெரியும். பார்த்துவிட்டுச் சொன்னான், திருச்சியில் யாரோ ஒருவருடைய பெயர், 1981 என்று போட்டிருக்கிறதாம்.

அவர் யாரோ, அவர் வீட்டில் என்ன நடந்ததோ. அந்தப் புத்தகமாவது ஒருவர் கையில் சேர்ந்தது.

ஆனி மாதம் முதல் ஞாயிறு கடை திறக்கிறோம். போடியில் இருப்பவர்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வாருங்கள். டீயும் சுண்டலும் உண்டு.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
போடி.